கைவழிக் கல்வியும் நம் ஆசிரியர்களும்



தமிழ்ப்பள்ளிகளில் ஸ்டீம் கல்வி என்பது இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்காக எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் ஆகிய ஐந்தையும் தனித்தனிப் பெட்டிகளில் அடைக்காமல், செய்து பார்த்துக் கற்பதை அப்படி அழைக்கிறார்கள். இதில் பிள்ளைகளைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். ரோபோக்கள், கணினிகள், போட்டிகள் பற்றி அதைவிட அதிகமாகவே பேசியிருக்கிறோம். ஆசிரியரைப் பற்றிப் பேசியதுதான் குறைவு. ஆகவே இன்று ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன். ஆசிரியர் தாமே கையால் செய்து, தவறி, மறுபடி செய்து கற்காத வரை அவருடைய வகுப்பில் பிள்ளைகளும் அப்படிக் கற்கப்போவதில்லை. அதற்கான ஏற்பாட்டைச் சமுதாயம் செய்து தராமல், கருவி வாங்கிக் கொடுத்து மட்டும் பயனில்லை.

நாம் கூடியிருக்கும் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் கைத்தொழிலால் எழுந்த இடம். 1881-இன் தொடக்கத்தில் தீயும் ஆண்டு முடிவில் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரைகளை அழித்தன. இனிச் செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் சுவெட்டன்ஹாம் வற்புறுத்த, சீனக் கப்பித்தான் யாப் ஆ லோய் இந்தக் களிமண் நிலத்தில் சூளைகளை அமைத்தார். 1886-இல் கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு ரயில்வே குடியிருப்புகள் இங்கே வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும், தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தண்டவாளம் போடுகிறவர்களாகவும் வாழ்ந்தார்கள். செந்தூல் பணிமனையில் இயந்திரத்தைப் பிரித்து மாட்டிய கைகள் நம் முன்னோரின் கைகள். அந்தக் கைகளுக்குள் இருந்த அறிவு பள்ளிக்கூடத்துக்குள் வரவேயில்லை. பள்ளியில் பிள்ளை எழுத்துக் கூட்டினான், வாய்பாடு ஒப்பித்தான்.

தோட்டங்களில் நிலைமை இன்னும் கடினம். 1912-இன் தொழிலாளர் சட்டம், படிக்கும் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது; பயிற்சி பெற்ற ஆசிரியர் வரவில்லை. கங்காணி, கிராணி, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி என்று யார் கிடைத்தாரோ அவர் ஆசிரியர் ஆனார். அவர்களைக் குறை சொல்லும் தகுதி நமக்கில்லை. அவர்கள் இல்லையென்றால் இன்று இந்த மண்டபத்தில் தமிழே ஒலித்திருக்காது. ஆனால் பயிற்சி இல்லாதவர் தாம் கற்ற விதத்தில்தான் கற்பிப்பார். இன்று நம் ஆசிரியர்கள் ஆசிரியர் கல்விக் கழகத்திலிருந்தும் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்திலிருந்தும் பட்டம் பெற்று வருகிறார்கள். இருந்தும் அந்த விதி மாறவில்லை. தம் பள்ளிப் படிப்பு முழுக்க அறிவியலைக் கரும்பலகையிலும் பயிற்சித்தாளிலும் கண்டவர், வகுப்புக்குள் நுழைந்ததும் அதையேதான் எடுக்கிறார்.

இதற்குத் தேர்வு ஒரு பெரிய காரணமாக இருந்தது. 1988 முதல் ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் நம் தொடக்கப்பள்ளிகளை ஆண்டது. உற்றறிதல், ஊகித்தல், கருதுகோள் உருவாக்குதல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று நம் கலைத்திட்டம் அழகான திறன்களைப் பட்டியலிட்டிருக்கிறது. கைவினைத் திறன் என்று தனியாகவே ஒன்று உண்டு. இவ்வளவையும் தாளில் எழுதும் சூத்திரங்களாக மாற்றிவிட்டோம். எது மாறியது, எது மாறாமல் வைக்கப்பட்டது என்று ஒரு படத்தைப் பார்த்து எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, அந்த ஆராய்வைச் செய்து காட்டத் தெரியாது. ஆசிரியரை நோவதற்கில்லை. தேர்ச்சி விழுக்காட்டைத்தான் எல்லாரும் கேட்டோம், பெற்றோரும் கேட்டோம்.

2021 ஏப்ரலில் யுபிஎஸ்ஆர் ரத்தானது. அடுத்த ஆண்டு மூன்றாம் படிவத் தேர்வான பிடி3-உம் போனது. வகுப்பறை மதிப்பீடு முன்னுக்கு வந்தது. கையால் செய்து கற்பதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு என் வாழ்நாளில் வந்ததில்லை. ஆனால் தேர்வு போன இடத்தை எது நிரப்பியது? பெரும்பாலும் பழைய பயிற்சித்தாள்களும், அவற்றோடு சேர்ந்து ஆதாரக் கோப்புகளும்தான். அனைத்துலக ஒப்பீடுகளில் நம் நாட்டின் நிலை கவலை தருகிறது. இரண்டாம் படிவ மாணவர்கள் எழுதும் டிம்ஸ் ஆய்வில், அறிவியலில் மலேசியா 2003-இல் 510 புள்ளி பெற்றது. 2011-இல் அது 426 ஆனது. 2019-இல் 460 ஆக இருந்து, 2023-இல் மீண்டும் 426-இல் நின்றது. எல்லா மொழிப் பள்ளிகளின் பிள்ளைகளும் சேர்ந்த எண் இது. நம் பள்ளிகளை விட்டுப்போன பிள்ளைகள், இரண்டு, மூன்று ஆண்டுகளில் அந்தத் தேர்வுத்தாளின் முன் உட்காருகிறார்கள்.

கையால் கற்பது என்றால் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். இதற்கு வேண்டியது ஒரு மீட்டர் நீளக் கோல், ஒரு வாளி மணல், ஒரு சுண்ணக்கட்டி. கோலை மணலில் செங்குத்தாக ஊன்றிப் பள்ளித் திடலில் வையுங்கள். பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் குறி போடட்டும். நண்பகல் 12 மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்று நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். கிள்ளானில் அப்படி இருக்காது. 12 மணிக்கு மேலும் நிழல் குறுகிக்கொண்டே போகும். ஏறத்தாழ 1.15 மணி வாக்கில்தான் அது மிகக் குட்டையாகும்.

இந்த இடத்தில் வகுப்பு விழித்துக்கொள்ளும். புத்தகம் தவறா, கோல் சாய்ந்துவிட்டதா, கடிகாரம் பிழையா? விடை சுவையானது. நம் கடிகாரம் கிழக்கு 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. நாமோ 102 பாகைக்குச் சற்று மேற்கே இருக்கிறோம். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் 73 நிமிடம் வரும். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-ஆம் நாள் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா சரவாக்கோடு ஒன்றாக்கிக்கொண்டது. அறிவியலில் தொடங்கிய பாடம் கணிதத்தில் புகுந்து, புவியியலைத் தொட்டு, நாட்டின் வரலாற்றில் வந்து நிற்கிறது. ஐந்து எழுத்துகளையும் வலிந்து ஒட்ட வேண்டிய தேவை அங்கே இல்லை.

இன்னும் இருக்கிறது. மார்ச் 28-ஐ ஒட்டிய நாள்களிலும் செப்டம்பர் 15-ஐ ஒட்டிய நாள்களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில் கோலுக்கு நிழலே இருக்காது. தமிழ்நாட்டில் இதை நிழலில்லா நாள் என்று கொண்டாடுகிறார்கள். சென்னையில் அது ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்டு 18-ஐயும் ஒட்டி வரும். ஜூன் மாதக் கடைசி வாரத்தில் நம் கோலின் உச்சிவேளை நிழல் தெற்கே ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் நீளும். டிசம்பரில் அது வடக்கே திரும்பி 50 சென்டிமீட்டராகும். அதே ஜூன் நாளில் ஜொகூர் பாருவில் ஒரு தமிழ்ப்பள்ளியும் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியும் அளந்தால், முன்னதில் 40, பின்னதில் 33 என்று ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம் கிடைக்கும். இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தூரம் தெரிந்தால், அந்த இரண்டு நிழல் நீளங்களிலிருந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிடலாம். எரட்டோஸ்தனிஸ் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்ததை, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு தொலைபேசி அழைப்போடு செய்துவிடுவார்கள். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

பிறகு ஏன் இது எல்லாப் பள்ளிகளிலும் நடக்கவில்லை? 12.40-க்கு ஒரு பிள்ளை "டீச்சர், நிழல் இன்னும் சின்னதாகுதே" என்று சொல்லும் அந்தக் கணத்துக்கு ஆசிரியர் ஆயத்தமாக இல்லை. விடை தெரியாமல் நாற்பது பிள்ளைகளின் முன் நிற்பது அச்சம் தருவது. அந்த அச்சத்தை நான் மிக மதிக்கிறேன். அது சோம்பல் அல்ல, அறியாமையும் அல்ல. பெரிய பட்டங்களும் அதைப் போக்குவதில்லை. 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆவணப்படத்தில், எம்ஐடி பட்டமளிப்பு நாளில் அங்கியோடு நிற்பவர்களிடம் ஒரு மின்கலம், ஒரு கம்பி, ஒரு சிறு மின்குமிழ் தந்து எரிய வைக்கச் சொல்கிறார்கள். பலருக்கு முடியவில்லை. குமிழின் எந்த இரண்டு இடங்களைத் தொட வேண்டும் என்பதைப் படத்தில் பார்த்திருக்கிறார்கள், விரலால் தொட்டதில்லை. ஆசிரியர் பட்டறைகளில் இதே பொருள்களை மேசையில் வைத்துப் பாருங்கள். முதலில் அமைதி, பிறகு சிரிப்பு, பிறகு ஒரு மேசையில் குமிழ் எரிந்ததும் அறையே எழுந்து அங்கே ஓடும். அந்த ஓட்டத்தை உடம்பால் அறிந்த ஆசிரியர்தான் மறுநாள் வகுப்பில் விடையை அவசரப்பட்டுச் சொல்லாமல் காத்திருப்பார்.

ஆகவே பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் இந்தியாவில், மத்தியப் பிரதேசத்தின் அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டத்தில் இருக்கிறது. 1972-இல் கிஷோர் பாரதி, ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்னும் இரண்டு சிறு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் செய்முறை வழியே கற்பிக்கத் தொடங்கின. 1978-இல் அது மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982-இல் ஏகலவ்யா என்ற நிறுவனம் அதற்காகவே பிறந்தது. டில்லிப் பல்கலைக்கழகத்தின் அறிவியலாளர்களும் டாடா ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்களும் கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து சோதனை செய்தார்கள். பாடநூலில் விடைகள் இல்லை, கேள்விகளும் செய்முறையும்தான். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. அங்கே வந்த அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வுக் குழாயையும் தீக்குச்சியையும் இணைத்துக் கணித உருவங்கள் செய்யக் கற்றுத் தந்தார். அவருடைய பொம்மைகளின் செய்முறைகள் இன்று தமிழிலும் கிடைக்கின்றன.

எனக்கு அந்தப் பொம்மைகளைவிட வியப்பளிப்பது அவர்களின் ஆசிரியர் ஏற்பாடு. கோடை விடுமுறையில் மூன்று வாரப் பயிற்சி, மூன்று ஆண்டுகள் தொடர்ந்து. பாடநூலின் ஒவ்வொரு சோதனையையும் ஆசிரியர் மாணவராக உட்கார்ந்து செய்ய வேண்டும். பிறகு மாதம் ஒரு முறை அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். எந்தச் சோதனை தவறியது, பிள்ளைகள் என்ன கேட்டார்கள், எதற்கு விடை தெரியவில்லை என்று பேசுவார்கள். அங்கே 'தெரியவில்லை' என்பது வெட்கம் இல்லை. அவர்கள் சொன்ன குறைகளால் பாடநூலே திருத்தி எழுதப்பட்டது. இந்தத் திட்டம் முப்பது ஆண்டுகள் நடந்தது. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது. அது பெரிய இழப்பு என்று கருதுகிறேன். ஆனால் மாதக் கூட்டம் என்ற அந்த ஒரு பழக்கம் நமக்குப் போதும்.

இதே வழியை வேறு பெயரில் பிரான்சிலும் காணலாம். 1992-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷார்பாக், 1996-இல் தொடக்கப்பள்ளிகளுக்காக ஓர் இயக்கம் தொடங்கினார். ஆசிரியர் தனியாக விடப்படக் கூடாது, அறிவியலாளர்கள் அவருக்குத் துணை நிற்க வேண்டும் என்பது அதன் கொள்கைகளில் ஒன்று. அந்த இயக்கத்தோடு இணைந்து பல நாட்டு ஆசிரியப் பயிற்றுநர்களுக்குப் பயிற்சி நடத்திய யுனெஸ்கோ மையம் ஒன்று 2008 முதல் கோலாலம்பூரிலேயே இயங்கியது. அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான தென்கிழக்காசிய மையம் 1967 முதல் பினாங்கில் இருக்கிறது. அறிவு நம் வாசலில் நிற்கிறது. நம் பள்ளிகளிலிருந்து எத்தனை பேரை நாம் அங்கே அனுப்பினோம் என்று ஒவ்வொரு பள்ளி வாரியமும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

தமிழ்நாட்டு அரசு 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றத்தையும் சொல்ல வேண்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, 13,210 அரசுப் பள்ளிகளுக்கு, 710 கருத்தாளர்கள் செய்முறைப் பொருள்களோடு போகிறார்கள். மிகப் பெரிய முயற்சி, மனமார வரவேற்கிறேன். ஆனால் ஒருவருக்கு 18-க்கு மேல் பள்ளிகள். வெளியிலிருந்து வருபவர் செய்து காட்டிவிட்டுப் போனபின், மிச்ச நாள்களில் அந்த வகுப்பு யார் கையில் இருக்கிறது? அந்த ஆசிரியரின் கையில்தான். வருகிறவர் ஆசிரியரோடு சேர்ந்து செய்தால் திட்டம் வேர்விடும். ஆசிரியர் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தால், பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பொழுது கிடைத்ததோடு முடிந்துவிடும்.

கலையைப் பற்றி ஒரு சொல். நம் கண்காட்சிகளில் கலை என்பது அட்டைக்கு வண்ணம் தீட்டுவதாகச் சுருங்கிவிட்டது. அதைவிட ஆழமான ஒன்று நம் வாசல்களில் இருக்கிறது. 1974-இல் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலத்துக்கு இலக்கணம் வகுத்து ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். சிறு சிறு விதிகளை மீண்டும் மீண்டும் செலுத்திப் பெரிய கோலத்தை உருவாக்கும் அந்த முறை கணினி அறிவியலில் இடம்பெற்றது. நம் நான்காம் ஆண்டு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நிரலாக்கம் இருக்கிறது. புள்ளிக் கோலத்தை விதிகளாக எழுதித் தோழியிடம் கொடுத்து, அவள் அந்த விதிகளை மட்டும் வைத்துப் போட முடிகிறதா என்று பார்ப்பதைவிட நல்ல முதல் நிரல் எது? திரையைத் தொடுமுன் பிள்ளை நிரலின் உயிரைப் புரிந்துகொள்வாள். இதை ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர நம் வீட்டுப் பெண்களையே அழைக்கலாம்.

மொழி பற்றியும் பேசாமல் போக முடியாது. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. 2009-இல் அந்தக் கொள்கையைக் கைவிட அரசு முடிவெடுத்தது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது, நம்மிடையே கடுமையான வாதங்களும் வந்தன. என் நிலை இதுதான்: செய்து கற்பதன் பாதி, பேசிக் கற்பது. நிழல் ஏன் குறுகுகிறது என்று இரண்டு பிள்ளைகள் சண்டை போட வேண்டும். பத்து வயதில் அந்தச் சண்டையை முழு வலிமையோடு அவர்கள் போடக்கூடிய மொழி தமிழ். புகுமுக வகுப்பிலோ முதல் படிவத்திலோ மலாய்க் கலைச்சொற்களைச் சந்திக்கும்போது, கருத்து உள்ளே இருந்தால் சொல் வந்து ஒட்டிக்கொள்ளும். கருத்து இல்லாதவருக்கு எந்த மொழியிலும் அது வெறும் சொல்தான்.

போட்டிகளை நான் எதிர்க்கவில்லை. அஸ்தி எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம் தமிழ்ப்பள்ளிகளுக்காக நடத்திவரும் சிறுவர் அறிவியல் விழா, செய்முறையை நம் பள்ளிகளில் உயிரோடு வைத்திருக்கிறது. அதற்குச் சமுதாயம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் போட்டிக்குப் போவது ஒரு பள்ளியில் ஐந்தாறு பிள்ளைகள். மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். கிள்ளான் சிம்பாங் லீமா போல ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள் படிக்கும் பெரிய பள்ளியிலும், தோட்டம் மறைந்தும் லாடாங் என்ற பெயரைத் தாங்கி நிற்கும் சிறிய பள்ளியிலும், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அறிவியல் கிடைக்க ஒரே வழி அந்த வகுப்பின் ஆசிரியர். போட்டிக்கு வெளியே அவர் என்ன செய்யலாம்? 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாம் பார்த்தோம். ஒரு போத்தலை வெட்டி மழைமானி செய்து, நாள்தோறும் அளந்து, வடிகால் நீர்ப்பாசன இலாகா வெளியிடும் ஆற்றுமட்டத்தோடு ஒப்பிடும் ஒரு வகுப்பு, தன் ஊரைப் புரிந்துகொள்ளும் வகுப்பு. அதற்குப் பதக்கம் கிடைக்காது. ஆனால் வகுப்பில் அத்தனை பேரும் அளப்பார்கள்.

என் வேண்டுகோள் இதுதான். இந்த அறக்கட்டளை அடுத்த மூன்று ஆண்டுகளுக்குத் தன் நிதியின் ஒரு பகுதியைக் கருவிக்கும் பரிசுக்கும் செலவிடாமல், ஆசிரியர் மாதக் கூட்டத்துக்கு ஒதுக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் வட்டாரத்துக்கு ஒரு கூட்டம், கிள்ளான், காப்பார் வட்டாரத்துக்கு ஒரு கூட்டம். மாதம் ஒரு சனிக்கிழமை, அரை நாள். வருகிற ஆசிரியருக்குப் போக்குவரத்துச் செலவும் மதிய உணவும், சோதனைப் பொருள்கள் அடங்கிய ஒரு பையும் தர வேண்டும். அந்த நேரத்தை ஆண்டுப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கும்படி தலைமையாசிரியர்கள் மாவட்டக் கல்வி இலாகாவிடம் கேட்க வேண்டும். ஏற்கெனவே சுமை தாங்கும் ஆசிரியரின் விடுமுறையை நாம் இலவசமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல்கலைக்கழகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் நம் பொறியாளர்களும் அறிவியலாளர்களும், ஆளுக்கு ஒரு வட்டாரத்துக்குத் துணையாக வரட்டும். மேடையில் பேச அல்ல, மேசையில் ஆசிரியரோடு உட்கார. முதல் ஆண்டில் பதக்கம் எங்கே, புள்ளி எங்கே என்று யாரும் கேட்க வேண்டாம் என்று பெற்றோரை வணங்கிக் கேட்கிறேன்.

கிள்ளானில் முதல் கூட்டத்துக்கு இடம் தர விரும்பும் பள்ளியும், வர விரும்பும் ஆசிரியர்களும், இன்று மண்டபத்தை விட்டுப் போகுமுன் அமைப்பாளர்களிடம் தங்கள் பெயரைத் தந்து செல்லுங்கள்.